வண்ணக்கரின் கைத்தொலைபேசியில் உங்கள் இசைக்குழு

அவையோருக்கு வணக்கம்.

இசைக்குழுவுக்கு இணையத்தளம் என்றதும் பலர் மனத்தில் எழுவது பெரிய படமும், மின்னும் எழுத்தும், திறந்த உடனே தானாக ஒலிக்கும் பாட்டும்தான். அந்த ஆசை விளங்குகிறது. ஆனால் தளத்தைத் திறப்பவர் யார்? வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கை ஒட்டி இசை நிகழ்ச்சி வைக்க நினைக்கும் வண்ணக்கர், அதாவது கோயிலை நிர்வகிப்பவர். ஆவணியில் மகளின் கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்ட தாய். ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வரப்போகும் பேரன். எல்லாரும் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். அந்தத் திகதி உங்களுக்கு வசதியா, எங்கள் ஊருக்கு வருவீர்களா, மேடையில் எப்படிப் பாடுவீர்கள், யாரோடு பேசுவது என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். விரலால் கீழே தள்ளாமல் முதல் திரையிலேயே விடை கிடைக்கவேண்டும். குழுவின் வரலாறு அதற்குப் பிறகு வரட்டும்.

தொலைபேசி எண்ணிலிருந்து தொடங்குவோம். அதைப் படத்துக்குள் எழுதிவைக்காதீர்கள். தொட்டதும் அழைப்புப் போகவேண்டும். சுழியத்தில் தொடங்கும் நம் எண்ணை வெளிநாட்டிலிருந்து அப்படியே அழைக்க முடியாது. அந்தச் சுழியத்தை எடுத்துவிட்டு முன்னால் இலங்கையின் நாட்டு எண்ணான +94 போடுங்கள். வட்ஸ்அப் இணைப்பில் கூட்டல் குறியும் வேண்டாம், 94 என்றே தொடங்கவேண்டும். 94க்குப் பின்னால் பழைய சுழியம் ஒட்டிக்கொண்டிருந்தால் இணைப்புத் திறக்கும், ஆள் கிடைக்கமாட்டார். இந்த ஓர் இலக்கத்தால் போகும் வாய்ப்பு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே தளம் வெளியான அன்றே, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்து. நம் பக்கத்தில், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்த நோட்டீஸ்கள் ஏராளம். அச்சகத்திலிருந்து வாங்கிய குழு அறிமுகத்தை அப்படியே தளத்தில் ஒட்டினால், ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பார்ப்பவருக்கும் விளங்காது, கூகுளுக்கும் விளங்காது. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருவர் சத்தமாக வாசித்துப் பார்க்கவேண்டும். குழுவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகநூலில் ஒருவிதம், யூடியூபில் இன்னொருவிதம், பதாகையில் வேறொருவிதம் என்றால் தேடுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

பாட்டுக்கு வருவோம். தானாக ஒலிக்க விடவேண்டாம். சத்தத்தோடு தானாகத் தொடங்குவதை இன்றைய உலாவிகள் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. சீடி தரத்து வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. நான்கு நிமிடப் பாட்டு 40 எம்பி. டேட்டா போட்டுப் பார்க்கிறவரிடம் அதைச் சுமத்தக்கூடாது. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் அதே பாட்டு 4 எம்பிக்குள் அடங்கும். காணொளியை யூடியூபில் ஏற்றி, அங்கிருந்து தளத்தில் பதியுங்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போதும். அது மேடையில் எடுத்ததாக இருக்கட்டும். கலையகத்தில் எவ்வளவு அழகாகப் பாடுவீர்கள் என்பதைவிட, மண்டபத்தில் எப்படி ஒலிப்பீர்கள் என்பதுதான் கலியாண வீட்டுக்கு வேண்டும். தொலைபேசியைப் படுக்கையாகப் பிடியுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகில் நின்று எடுத்தால் சத்தம் கிழியும். மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முதல் நொடியிலேயே பாட்டுத் தொடங்கவேண்டும், பெயர்ப்பலகை சுழன்றுகொண்டிருக்கக்கூடாது.

சினிமாப் பாட்டை நீங்கள் பாடி ஏற்றினாலும் உரிமையாளர் உரிமை கோரலாம், விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம். ஆகவே உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றாவது முன்னால் நிற்கட்டும். எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களை அதன் கீழேயே போடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோருக்குத் தரும் உரிமை அது.

இனி, மிகக் குறைவாகக் கவனிக்கப்படும், ஆனால் மேடையைக் காப்பாற்றும் ஒரு பக்கம். சவுண்ட்காரருக்கான பக்கம். எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் இருவருக்கு மைக் இரண்டு. கீபோட்டுக்கு இடம், வலம் என்று லைன், அதாவது மைக் இல்லாமல் நேரே மிக்சருக்குப் போகும் இணைப்பு, இரண்டு. பேஸ் கிற்றாருக்கு, அதை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டி ஒன்று. லீட் கிற்றார் அம்ப்புக்கு முன்னால் ஒரு மைக். ஒக்டபாட் என்ற மின்னணுத் தாளக்கருவிக்கு லைன் இரண்டு. தபேலாவுக்கு இரண்டு மைக், டோலக்கின் இரு முகத்துக்கும் இரண்டு. கூட்டினால் 12. அறிவிப்பாளர் மைக்கோடு 13. ‘பன்னிரண்டு சனல் மிக்சர் இருக்கிறது, போதும்’ என்று மண்டபத்தில் சொல்வார்கள். அவற்றில் பலவற்றில் மைக் செருகும் இடம் அதைவிடக் குறைவு. அன்று டோலக்குக்கு மைக் இல்லாமல் போகும். இந்தக் கணக்கை ஒரே தாளில், யார் எங்கே நிற்பார் என்ற மேடைப் படத்தோடு, யாருக்கு எத்தனை பிளக் வேண்டும் என்பதையும் சேர்த்து பிடிஎஃப் ஆக வையுங்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் யாழின் நரம்பையும் சுருதியையும் எண்ணும் கணக்குமாகவே 1947இல் வெளிவந்த யாழ்நூலில் விளக்கினார். இசையைக் கணக்கோடு எழுதிவைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கூத்துக் குழுக்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் அவசியம். கூத்தின் இரு மரபுகளில் வடமோடியா தென்மோடியா, விடிய விடிய ஆடுவதா, இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கியதா, ஆடுவோர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியில் சபை நான்கு பக்கமும் இருக்கும். ஆடுபவர் ஒரு மைக் முன்னால் நிற்கமாட்டார். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் சல்லரி என்ற தாளத்துக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் மைக் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே சொன்னால்தான் தரு என்ற கூத்துப் பாட்டுத் தெளிவாகக் கேட்கும்.

படங்கள். தளத்தில் போடுவது 1600 பிக்சல் அகலம், 300 கேபி அளவில் இருந்தால் போதும். சுவரொட்டி அடிப்பவருக்கு அது போதாது: ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். மூலப் படத்தைத் தரவிறக்கத் தனி இணைப்பு வையுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. அறிவிப்பாளர் மேடையில் வாசிக்க 50 சொல்லில் ஓர் அறிமுகம், பத்திரிகைக்கு 200 சொல்லில் ஒன்று.

கட்டணத்தை எழுதுவதா என்று கேட்பார்கள். தொகையை எழுதாவிட்டாலும், எதெல்லாம் அதற்குள் அடங்கும் என்று எழுதுங்கள்: எத்தனை மணித்தியாலம், சவுண்ட் செற் யாருடையது, வாகனம், சாப்பாடு, ஜெனரேற்றர். வாழைச்சேனைக்கும் பொத்துவிலுக்கும் ஒரே வாகனச் செலவு வராது. கார்த்திகை, மார்கழி மாரியில் வெளிமேடை நிகழ்ச்சி மழையால் நின்றால் முற்பணம் என்னாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி இந்த வரியால் நின்றுவிடும்.

நிகழ்ச்சித் திகதிகளை ஆண்டோடு எழுதுங்கள். ‘வரும் சனிக்கிழமை’ என்று எழுதி ஆறு மாதம் அப்படியே கிடந்தால், குழு கலைந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். மாதத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கடைசியாகத் தளத்தின் பெயர். அது .எல்கே ஆக இருக்கட்டும், .கொம் ஆக இருக்கட்டும், குழுவில் உள்ள ஒருவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகவேண்டும். செய்துகொடுத்த தம்பியின் பெயரில் அல்ல. அவர் கட்டாருக்குப் போய்விட்டால் புதுப்பிக்கும் அறிவித்தல் அவருக்குத்தான் போகும். கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். முகநூல் பக்கத்துக்கும் நிர்வாகி இரண்டு பேர். புதுப்பிக்கும் திகதியை ஒத்திகை நடக்கும் இடத்தின் கலண்டரில் இன்றைக்கே எழுதிவையுங்கள்.