எறாவை மறக்காத செல்

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு எறா வாங்கித் தொக்கு வைக்கிற வீட்டில், ஒருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து சாம்பார் ஊற்றிக்கொள்வார். “பத்து வருஷமா தொடறதில்லை டாக்டர். போன மாசம் தெரியாம ஒரு வாய், உதடு வீங்கிடுச்சு” என்பார். அலர்ஜி என்ற இந்தப் பத்து வருஷத்துப் பகையை உடம்பு எங்கே எழுதி வைத்திருந்தது?

1921-ல் வெளியான ஒரு சோதனை. கூஸ்ட்னர் என்ற ஜெர்மானிய மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரைச் சக மருத்துவர் பிரவுஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, தோல் தடித்து அரித்தது. ரத்தத்தில் ஏதோ இருக்கிறது! அந்த ‘ஏதோ’வைப் பிடிக்க 1960-கள் வரை ஆனது. அலர்ஜியைத் தூண்டும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருள் அது. அதைத் தயாரிப்பது பி செல் என்ற வெள்ளையணு வழிவந்த செல்கள்.

சரி, ஐஜிஇ ரத்தத்தில் இரண்டு மூன்று நாளில் பாதியாகக் குறைந்துவிடும். அப்படியானால் பத்து வருஷம் நினைவு வைத்திருப்பது யார்? பழைய பகையை நினைவில் வைத்துக் காத்திருக்கும் பி செல்களுக்கு நினைவுச் செல்கள் என்று பெயர். ஐஜிஇ சுமந்த நினைவுச் செல்களைத் தேடியவர்களுக்கு அவை அகப்படுவதே அபூர்வமாக இருந்தது. 2024-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வேறொரு இடத்தைக் காட்டின. ஐஜிஜி என்ற சாதுவான எதிர்ப்பொருளைச் சுமக்கும் ஒருவகை நினைவு பி செல், பழைய பகையாளி திரும்ப வந்ததும் ஐஜிஇ பக்கம் கட்சி மாறுகிறது. எனக்கு இதுதான் இந்தத் துறையில் சமீபத்திய பெரிய செய்தி.

நாம் போடும் செட்டிரிசின் மாத்திரை, அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும். ஓமலிசுமாப் ஊசி, ஐஜிஇ-யைப் பிடித்துக் கட்டும்; 2024-ல் உணவு அலர்ஜிக்கும் அமெரிக்கா அதை அனுமதித்தது. இரண்டுமே நினைவுச் செல்லை அழிப்பதில்லை. ஊசியை நிறுத்தினால் ஐஜிஇ-யின் ஆட்டம் மறுபடி தொடங்கலாம்.

பி செல்லை வில்லனாக்கிவிடவும் வேண்டாம். ஓயாமல் கொட்டு வாங்கும் தேனீ வளர்ப்பவர்களிடம், சண்டையை அடக்கும் பி செல்கள் பெருகுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் சாம்பார்காரர், “அப்போ கொஞ்சம் கொஞ்சமா எறா சாப்பிட்டுப் பழகிக்கட்டுமா?” என்று கேட்டார். வீட்டில் வேண்டவே வேண்டாம் என்றேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன்: எறாவில் இருக்கும் ட்ரோபோமயோசின் புரதம், கிட்டத்தட்ட அதே வடிவில் கரப்பான்பூச்சியிலும் உண்டு. அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வணக்கம்.