மாத்திரைக்கு அடங்காத வலிப்பும் அக்குபங்சர் ஊசியும்

வலிப்பு நோய் குறித்த பொதுக்கூட்டம் ஒன்றில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

அனைவருக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் கூட்டம் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். கையில் இரும்பைத் திணிப்பார்கள். சாவி கிடைக்காத இடத்தில் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றுவிடும். "பாத்தியா, இரும்பு பிடிச்சதும் நின்னுடுச்சு" என்று ஒருவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே அடங்கக்கூடியவை. அடங்குகிற நேரத்தில் கையில் எது இருந்ததோ, அதற்குப் பெயர் வந்துவிடுகிறது.

சாவிக்கொத்தில் பெரிய ஆபத்து இல்லை. வாய்க்குள் கரண்டியைத் திணிக்காதவரைக்கும் சரி. நான் இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வியே இதில்தான் சிக்கியிருக்கிறது. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு, மாத்திரையோடு சேர்த்து, உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சரும் செய்தால் பலன் உண்டா?

முதலில் 'அடங்காதது' என்று எதைச் சொல்கிறோம்? 2010-இல் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் இதற்கு ஒரு வரையறை தந்தது. அந்த நோயாளிக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளை, தனித்தனியாகவோ சேர்த்தோ, சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. இரண்டே மருந்துதான். ஏன் ஐந்து, ஆறு வரை பார்க்கக் கூடாது? கிளாஸ்கோவில் குவான், பிராடி என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது. புதிதாக மருந்து தொடங்கிய 470 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம். அதற்குப் பிறகு மூன்றாவது மருந்து, இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் 4 சதவீதம்தான். அதன்பின் எத்தனையோ புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. இன்றும் மூன்றில் ஒருவருக்கு வலிப்பு முழுதாக நிற்பதில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடங்காத வலிப்பு என்று எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் அது அடங்காத வலிப்பாகவே இருக்காது. சிலருக்கு மாத்திரை விட்டுப்போயிருக்கும். சிலருக்கு மருந்தே மாறிப்போயிருக்கும். இளம்வயதில் காலை வேளையில் கை துள்ளும் வகை வலிப்புக்குக் கார்பமசெபின் என்ற மருந்தைக் கொடுத்தால் அது கூடத்தான் செய்யும். இன்னும் சிலருக்கு வருவது மூளையின் மின்கோளாறே அல்ல, மன அழுத்தத்தால் வரும் வலிப்பு போன்ற நிலை. இவர்களுக்கு ஊசியும் வேண்டாம், நான்காவது மாத்திரையும் வேண்டாம். நோயைத் திரும்பக் கணித்தாலே போதும்.

சரி, ஊசிக்கு வருவோம். "எங்க பொண்ணுக்கு அக்குபங்சர் ஆரம்பிச்சதும் பாதியா குறைஞ்சிடுச்சு டாக்டர்" என்று என்னிடமே சொல்கிறார்கள். நான் நம்புகிறேன். குறைந்திருக்கும். ஒரு குடும்பம் புதுச் சிகிச்சையைத் தேடிப் போவது எப்போது? மாதம் இரண்டு தடவை வந்தது எட்டுத் தடவை ஆகும்போதுதான். எட்டு என்பது அலையின் உச்சி. ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் நான்காகவோ மூன்றாகவோ இறங்க வாய்ப்பு அதிகம். அதோடு, சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் நாட்களில் வீட்டில் கவனிப்பு கூடுகிறது. மாத்திரை தவறுவதில்லை, தூக்கம் ஒழுங்காகிறது. இவையெல்லாம் வலிப்பைக் குறைக்கக்கூடியவைதான். புது மருந்துகளைச் சோதிக்கும்போது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை வாங்கியவர்களிலும் பத்தில் ஒருவர் இருவருக்கு வலிப்பு பாதியாகக் குறைவதைப் பார்க்கிறோம்.

அப்படியானால் ஊசியின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நார்வே நாட்டுக்காரர்கள் செய்து பார்த்தார்கள். 1999-இல் வெளியான ஆய்வு. நாள்பட்ட, மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 29 பேர் அதை முடித்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, 15 பேருக்கு முறைப்படியான அக்குபங்சர், 14 பேருக்கு அசல் போலவே தோன்றும் போலி அக்குபங்சர் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் வலிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுக்குத்தான். இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. வலிப்பே வராத வாரங்கள் எத்தனை என்று எண்ணினார்கள். அதுவும் இரு குழுவிலும் கூடியிருந்தது. புள்ளியியல் கணக்கில் தேறும் அளவுக்குக் கூடியது எந்தக் குழுவில் தெரியுமா? போலி ஊசிக் குழுவில்! (சிரிப்பு) சிரிக்கலாம், ஆனால் போலி ஊசிக்கு மகிமை இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. இவ்வளவு சிறிய ஆய்வில் தற்செயலே என்னென்ன விளையாட்டுக் காட்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது. இதே நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தையும் அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். அதிலும் ஊசிக்குத் தனிப் பலன் தென்படவில்லை.

சீனாவில் செய்த ஆய்வுகள் எண்ணிக்கையில் அதிகம். ஊசி குத்துவது மட்டுமல்ல, கேட்கட் என்று ஆடு மாட்டின் குடலிலிருந்து செய்த நூலை அறுவைச் சிகிச்சையில் தையலுக்கு எடுப்போமே, அதை அக்குப் புள்ளிகளில் தோலுக்கடியில் புதைத்து வைப்பதும் அங்கே ஒரு முறை. ஹாங்காங்கைச் சேர்ந்த டேனியல் சியூக், வர்ஜீனியா வாங் இருவரும் இந்த ஆய்வுகளையெல்லாம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காகத் திரட்டி எடைபோட்டார்கள். இவர்கள் அக்குபங்சரைப் பழிப்பதற்கென்று கிளம்பியவர்கள் அல்ல. வாங் குழந்தைகளுக்கு நாக்கு அக்குபங்சர் செய்து ஆராய்ந்தவர். 2014-இல் புதுப்பித்த தொகுப்பில் 17 ஆய்வுகள், 1538 பேர். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களையும், அதோடு ஊசியும் சேர்த்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டபோது, ஊசி சேர்ந்ததால் கூடுதலாக வலிப்பு நிற்கவும் இல்லை, பாதியாகக் குறையவும் இல்லை. வேறு சில ஒப்பீடுகளில் ஊசிக்கோ நூலுக்கோ சாதகமான முடிவு வந்திருக்கிறது. ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைக்காமல் செய்த ஆய்வுகள் அவை. கண்காணித்த காலமும் குறைவு. வலிப்பு நோய்க்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க இப்போதுள்ள சான்று இடம் தரவில்லை என்றுதான் இருவரும் முடித்தார்கள்.

இதில் அறிவியலே இல்லை என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. அக்குபங்சரில் காதுமடலிலும் ஊசி குத்துவார்கள். அந்தக் காதுமடலின் குழிவான பகுதிக்கு, மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை வருகிறது. அதே வேகஸ் நரம்பைக் கழுத்தில் மின்கருவியால் தூண்டும் சிகிச்சைக்கு 1997-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பலருக்கு அதனால் வலிப்பு குறைகிறது. ஆகவே காது வழியாக அந்த நரம்பைத் தூண்டலாமா என்று தீவிரமாகவே ஆராய்கிறார்கள். ஊசி வழியே லேசான மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சர் சோதனைகளும் எலிகளில் நடந்திருக்கின்றன. இவை தொடர வேண்டும். எலிக்குச் சரியானதை நம் பிள்ளைக்கு இப்போதே சரி என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊசியால் வரும் ஆபத்து குறைவு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, பயிற்சி பெற்ற கை, உடம்பில் மின்கருவி பொருத்தியவருக்கு மின் அக்குபங்சரைத் தவிர்ப்பது, இந்த மூன்றும் இருந்தால் போதும். மனம் அமைதியாகிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று ஒருவர் போனால் நான் தடுப்பதில்லை. எனக்குப் பயம் வேறு இரண்டு விஷயங்களில்.

ஒன்று, மாத்திரையை நிறுத்தச் சொல்வது. நம் ஊரில் ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியைத் தொட்டுச் சிகிச்சை செய்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் மாத்திரையே நோய்க்குக் காரணம் என்கிறார்கள். நிறுத்திய பிறகு வலிப்பு கூடினால் "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்கிறார்கள். கழிவும் இல்லை ஒன்றும் இல்லை. குளோபசம், பீனோபார்பிட்டோன் போன்ற வலிப்பு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு வலிப்பு முடியுமுன் அடுத்தது என்று விடாமல் வரலாம். அது உயிர் போகும் நிலை. ஐந்து நிமிடம் தாண்டினாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று, காலம் போவது. 2001-இல் கனடாவில், மூளையின் பக்கவாட்டில், பொட்டுக்கு உள்ளே இருக்கும் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பு உள்ள 80 பேரை அறுவைச் சிகிச்சை, மாத்திரை என்று இரு குழுவாகப் பிரித்தார்கள். ஓராண்டில் நினைவு தப்பும் வலிப்பு அறவே இல்லாமல் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம், மாத்திரைக் குழுவில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸ் 2017-இல் 116 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் ஓராண்டில் வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 77 சதவீதம், மாத்திரைக் குழுவில் 7 சதவீதம். எய்ம்ஸ் ஆய்வில் அறுவை செய்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவும் இருந்தது. பெரும்பாலும் ஒரு பக்கக் கை கால் பலவீனம். அதையும் மறைக்கக் கூடாது. எல்லோருக்கும் அறுவை பொருந்தாது. பொருந்தாதவர்களுக்கு மாவுச்சத்து குறைத்த கொழுப்பு உணவுமுறை இருக்கிறது, வேகஸ் கருவி இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-லிருந்தே வலிப்புக்கான அறுவைச் சிகிச்சை நடக்கிறது. இரண்டு மருந்து தோற்றவுடன் வர வேண்டியவர்கள் பத்து, பதினைந்து வருடம் கழித்து வருகிறார்கள். அதற்குள் படிப்பு நின்றிருக்கும், வேலை போயிருக்கும், கல்யாணம் தட்டியிருக்கும்.

வரும்போது இரண்டு பொருள் கொண்டுவாருங்கள். முதலாவது, வலிப்பு வரும்போது செல்போனில் எடுத்த வீடியோ. ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா, எப்போது பேச்சு திரும்புகிறது என்பதெல்லாம் எங்களுக்கு வழிகாட்டும். இரண்டாவது, ஒரு நோட்டு. வலிப்பு வந்த தேதி, நேரம், தவறிய மாத்திரை, தூங்காத இரவு, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். அக்குபங்சர் போகிறவர்கள் அந்தத் தேதிகளையும் எழுதுங்கள். தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதக் கணக்கு, தொடங்கிய பின் மூன்று மாதக் கணக்கு, இரண்டையும் எங்களுக்கும் காட்டுங்கள், ஊசி போடுகிறவருக்கும் காட்டுங்கள்.