பல் நிற்கும் வரை

நேயர்களுக்கு வணக்கம். நீங்கள் அமர்ந்திருக்கும் அறையின் கதவு நிலையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். நிலையும் சுவரும் சேரும் இடத்தில், இடுக்கை மறைப்பதற்காக ஒரு மரப்பட்டை ஓடியிருந்தால், அதைத்தான் எங்கள் தொழிலில் பீடிங் என்கிறோம். பக்கத்தில் ஏறி வரும் பட்டையும் மேலே குறுக்கே வரும் பட்டையும் மூலையில் சந்திக்கும் இடத்தில் ஒரு சாய்ந்த கோடு தெரியும். அந்தக் கோடு மயிரிழையாக இருந்தால் நல்ல கை பட்ட வேலை. கோட்டின் ஓரத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்த தடம் தெரிந்தால், வெட்டிய அன்று ஏதோ ஒன்று தவறியிருக்கிறது. வீட்டுக்காரர் கவனிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் அடைக்கப்பட்டது அது. இனி நீங்கள் கவனிப்பீர்கள். அதற்காக ஆசாரிமார்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்தச் சாய்ந்த வெட்டை முன்பு பள்ளம் வைத்த மரப்பெட்டிக்குள் பட்டையை வைத்துக் கைரம்பத்தால் அறுத்தார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் மைட்டர் சா என்னும் மின்ரம்பம் வந்துவிட்டது. அதைப் பார்க்காதவர்கள் தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளலாம். பம்பின் கைப்பிடியை அழுத்துவது போலவே இதன் கைப்பிடியையும் மேலிருந்து கீழே அழுத்துகிறோம். கைப்பிடியோடு சேர்ந்து ஒரு வட்டப் பிளேடு இறங்கி, மேசைமேல் கிடக்கும் மரத்தை அறுக்கிறது. மேசையின் நடுப்பகுதி இடமும் வலமும் திரும்பும். 45 டிகிரிக்குத் திருப்பிவைத்தால் மூலை வெட்டு கிடைக்கும். மேசையின் பின்பக்கம் ஓர் உலோகத் தடுப்பு நிற்கும். மரம் எப்போதும் அந்தத் தடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். முதுகைச் சாய்ப்பது என்ற சொல்லை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவேன்.

10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால், அதன் விளிம்பில் இருக்கும் பல் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் ஊர் ரயில் எதுவும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. அந்தப் பல்லின் அருகில் நம் கை எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்றால், 6 அங்குலம். விரித்த கையின் சாணை விடச் சற்றுக் குறைவான தொலைவு அது. அதற்கு உள்ளே, இயந்திரம் ஓடும்போது, எந்தக் காரணத்துக்காகவும் கை போகக் கூடாது. இடக்கை வலப்பக்கம் தாண்டிப் போய் மரத்தைப் பிடிப்பதும் கூடாது. கையுறையும் வேண்டாம்; சுழலும் பல்லில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, தோளில் கிடக்கும் துண்டு, பட்டன் போடாத முழுக்கைச் சட்டை ஆகிய மூன்றுக்கும் இதே விதிதான். கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள், நான் கண்ட வரையில் பலர், அதை முழங்கைக்கு மேலாவது ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது முதுகுக்கு வருகிறேன். மேசைக்கு மேலே நம் பக்கம் இருக்கும் பல் கீழ்நோக்கி இறங்கி, அடியில் பின்பக்கமாகப் போகிறது. அதாவது, பிளேடு மரத்தை மேசையோடும் பின்தடுப்போடும் சேர்த்துத் தள்ளுகிறது. மரம் ஏற்கெனவே தடுப்பில் ஒட்டி இருந்தால் அந்தத் தள்ளு நமக்கு உதவி. மரத்துக்கும் தடுப்புக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், அதே தள்ளு மரத்தை நம் கையோடு சேர்த்துப் பின்னால் அடிக்கும். வளைந்த பட்டையை வெட்ட நேர்ந்தால், வளைவின் புடைத்த பக்கம் தடுப்பில் பட வேண்டும், வெட்டும் இடத்துக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கக் கூடாது. குழிந்த பக்கத்தைத் தடுப்பில் வைத்தால், வெட்டு முடியும் தறுவாயில் இரண்டு துண்டுகளும் உள்வாங்கிப் பிளேடைக் கவ்விவிடும். 8 அடிப் பட்டையின் மறுமுனை அந்தரத்தில் தொங்கினாலும் இப்படித்தான் கவ்வும். மேசையின் உயரத்துக்குச் சரியாக ஒரு முக்காலியோ செங்கல் அடுக்கோ மறுமுனைக்கு வேண்டும்.

இந்த உரைக்கு நான் வந்ததே அடுத்துச் சொல்லப்போகிற செய்திக்காகத்தான். தொழிற்பயிற்சியில் மரவேலை கற்பிக்கத் தொடங்குவதற்கு முன், நான் ஒரு பெரியவரின் கீழ் வேலை செய்தேன். ஒரு வீட்டில் ஜன்னல்களுக்கு, கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் பீடிங் அடித்துக்கொண்டிருந்தோம். மாலை நேரம், கடைசி ஜன்னல், இரண்டரை அங்குலத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் குறைந்தது. புதிய பட்டையை எடுக்கச் சோம்பல்பட்டு, கீழே கிடந்த அரையடித் துண்டு ஒன்றைக் கையால் பிடித்து வெட்டினேன். வெட்டு ஒழுங்காகவே விழுந்தது. வெட்டி முடித்ததும், சுவிட்சை விட்ட கையோடு கைப்பிடியையும் மேலே தூக்கினேன். பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தடுப்புக்கும் பிளேடுக்கும் நடுவில் பிடிப்பில்லாமல் கிடந்த அந்தச் சிறு துண்டை, மேலே எழும் பிளேடின் பல் கவ்வி வீசியது. என் காதின் ஓரமாகப் போன துண்டு எதிர்ச் சுவரின் குழல்விளக்கை உடைத்தது. துண்டு போன வழியில் என் கண் இருந்திருந்தால், இன்று நான் இந்தக் குறிப்புத்தாளை வேறு விதமாகத்தான் படித்துக்கொண்டிருப்பேன்.

பெரியவர் திட்டவில்லை. கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளினார். பிறகு மரம் எதுவும் வைக்காமல் இயந்திரத்தை ஓடவிட்டு, கீழே அழுத்திப் பிடித்துச் சுவிட்சை விட்டுவிட்டு, "தம்பி, எண்ணு" என்றார். பிளேடு நிற்கும்போது நான் பதினொன்றில் இருந்தேன். பிரேக் இல்லாத பழைய இயந்திரம் அது. இப்போது வரும் பல இயந்திரங்களில் மின்பிரேக் இருப்பதால் நான்கைந்து விநாடியில் நின்றுவிடும், ஆனால் அந்த நான்கைந்தையும் எண்ணத்தான் வேண்டும். "பதினொன்று எண்ணுவதற்குள் என்ன கொள்ளை போகப்போகிறது" என்று கேட்டுவிட்டு, அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அதன் பிறகு 31 ஆண்டுகள் ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் முதல் நாள் முதல் பாடமாக நான் வைத்தது, மரம் வைக்காமல் இந்த எண்ணிக்கையைத்தான். சில மாணவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களையும் எண்ணவைத்தேன்.

ஆகவே முறை இதுதான், மெதுவாகச் சொல்கிறேன். பிளேடு மேலே இருக்கும்போதே சுவிட்சை அழுத்தி, முழு வேகம் வந்த பிறகு மரத்தில் இறக்க வேண்டும். அடிவரை அறுத்ததும் கைப்பிடியைக் கீழேயே பிடித்தபடி சுவிட்சை விட வேண்டும். பல் நிற்கும் வரை கை தாழ்ந்தே இருக்க வேண்டும். நின்ற பிறகுதான் தூக்க வேண்டும், நின்ற பிறகுதான் துண்டை எடுக்க வேண்டும். விபத்து வெட்டும்போது மட்டுமே வரும் என்று நினைக்கிறோம். வெட்டி முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் கை முந்திக்கொள்ளும்போதும் அது வருகிறது.

சிறு துண்டுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. சிறியது வேண்டுமென்றால் நீண்ட பட்டையின் நுனியிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். கை நீண்ட பக்கத்தில் இருக்கட்டும், விழப்போகிற துண்டு எதிலும் முட்டாமல் சும்மா கிடக்கட்டும். ஒரே அளவில் பல துண்டு வேண்டுமென்று விழும் பக்கத்தில் முட்டுக்கட்டை வைப்பார்கள். முட்டுக்கும் பிளேடுக்கும் நடுவில் அகப்பட்ட துண்டு போக வழியில்லாமல் பறக்கும். தடுப்பின் மேல் ஒரு பிளைவுட் பட்டையைத் திருகிவைத்து அதையும் சேர்த்து ஒரு முறை வெட்டிவிட்டால், பிளேடு அளவுக்கு மட்டும் வாய் திறந்திருக்கும், சிறு துண்டு பின்னால் நழுவ இடம் இருக்காது. கையில் இருப்பதே குறுகிய துண்டு, அதில்தான் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும் என்றால், அதைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் பிடிக்காத அளவு சிறிதென்றால் பழைய மரப்பெட்டியும் கைரம்பமும் பரணில் இருக்கும், இறக்குங்கள்.

இனி அந்த மயிரிழைக் கோடு. இயந்திரத்தில் 45 என்று பொறித்திருப்பதை நம்ப வேண்டாம். வேண்டாத பட்டையில் நான்கு துண்டு வெட்டி ஒரு சிறு சட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால், மூன்று மூலைகளை இறுக்கி மூடிய பிறகு நான்காவது மூலையில் 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பிழையை அந்தக் கடைசி மூலை எட்டு மடங்காக்கிக் காட்டுகிறது. இயந்திரம் சரியாக இருந்தும் மூலை சேரவில்லை என்றால், சுவர்தான் 90 இல்லை. சுவர் மூலை 88 என்று அளவு வந்தால், இரண்டு பட்டையின் நுனியும் 44 டிகிரியாக வர, இயந்திரத்தில் 46 வைத்து வெட்ட வேண்டும். 70 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் ஒரு டிகிரி விட்டுப்போனாலே மூலையில் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் திறந்துகொள்ளும்.

பிளேடில் பல் கூடக்கூட வெட்டின் விளிம்பு சிதறாமல் வரும். பீடிங்குக்கு 60 முதல் 80 பல் வரை உள்ள பிளேடு கேட்டு வாங்குங்கள். தேக்கு வெட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேக்கு மரத்திலேயே மணலின் சத்தான சிலிக்கா இருப்பதால், அது பல்லை விரைவில் மழுக்கும். மழுங்கிய பல் அறுக்காமல் தேய்க்கும், தேய்ந்த இடம் கருகும், நாமும் கைப்பிடியைக் கூடுதலாக அழுத்துவோம். தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொடுக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ஆம் ஆண்டிலேயே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. துண்டை மூக்கில் கட்டுவது போதாது, தூள் வடிக்கும் முகக்கவசம் வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் வேண்டும்.

பராமரிப்பைப் பற்றிப் பேசத்தான் பாதி நேரம் என்று எண்ணி வந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எதைத் தொடுவதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளக் என்று ஒன்று இருக்க வேண்டும். இரண்டு ஒயரை நேரே துளையில் விட்டுத் தீக்குச்சி செருகுவது நம் கட்டட வேலைகளில் அன்றாடக் காட்சி. பிளேடின் கீழ்மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். கட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே அடைந்த தூள்தான், அதைத் துடைத்தால் மூடி தானாக ஏறி இறங்கும். பல்லில் ஒட்டிய பிசினைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், உப்புத்தாள் வேண்டாம். மோட்டாரில் பொறி அதிகம் பறந்தால், அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட் பெரும்பாலான இயந்திரங்களில் மறுபக்க மரையுள்ளது. கழற்றுவதற்குக் கடிகாரம் சுற்றும் பக்கமாகவே திருப்ப வேண்டும், தெரியாமல் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும். புதுப் பிளேடை மாட்டும்போது அதில் பொறித்த அம்புக்குறி மூடியில் உள்ள அம்புக்குறியோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேடு சாணை பிடிப்பது பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், நண்பர் இப்போது ஒரு விரலையும் மடக்கிவிட்டார். வணக்கம்.