சேகோ தண்ணீரும் சாக்கடைச் சேறும் சேர்ந்தால் கேஸ்!

வணக்கம் மக்களே! சேலம் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஆலைக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைக்குப் பின்னால் நிற்கிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் கிழங்கு அரைக்கும் மெஷின். நாற்றம் வீடியோவில் வராது, பிழைத்தீர்கள்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் சேற்றோடு பீர் ஆலைக் கழிவைக் கலந்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டு, எரிக்கும் கேஸ் (பயோகேஸ்) எடுப்பதைப் போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? சேலத்தில் அதற்கு ஏன் பீர் கழிவைத் தேட வேண்டும்? பீர் சக்கை கிடைத்தால் அதை மாட்டுக்காரர்கள் விடவே மாட்டார்கள். நமக்கு இதோ, இந்த வாய்க்கால் இருக்கிறது. மரவள்ளியை அரைத்து, மாவைப் படியவிட்டு, மேலே நிற்பதைத் திறந்துவிட்ட தண்ணீர். வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது பாருங்கள், அத்தனையும் மாவுச்சத்து. அந்தப் பக்கம் காய்வது திப்பி, மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை. அதுவும் தீவனத்துக்குப் போய்விடும்.

இந்தத் தண்ணீரில் கேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டும் ஆலைகள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. சிக்கல் எங்கே என்றால், மாவுச்சத்து வேகமாகப் புளிக்கும். அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா அவசரக்காரன். எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரி நிதானம். அமிலம் ஏறி பிஎச் 6.5-க்குக் கீழே போனால் நிதானக்காரன் வேலையை நிறுத்திவிடுவான். அப்புறம் சுண்ணாம்பைக் கொட்டித்தான் தொட்டியை மீட்க வேண்டும்.

சாக்கடைச் சேறு இதற்கு நேர் எதிர். அதில் நைட்ரஜன் அதிகம், கார்பன் குறைவு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 20 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நல்லது. சேற்றில் பெரும்பாலும் பத்துகூடத் தேறாது. இரண்டையும் கலந்தால் சேற்றிலிருந்து வரும் அம்மோனியா புளிப்பைத் தாங்கிக்கொள்ளும், மாவு கார்பனைக் கொடுக்கும். எனக்கு இதைவிடப் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. கிழங்கு சீசன் முடிந்தால் ஆலை ஓய்ந்துவிடும், தொட்டி பட்டினி. சாக்கடைக்கு ஏது சீசன்?

தொட்டிக்குள் 35 டிகிரி வெப்பம் வேண்டும். சேலத்து வெயிலில் அது பெரிய கவலை இல்லை, ஏற்காட்டில் என்றால் யோசிக்க வேண்டும். வரும் கேஸில் ஏறத்தாழ 60 சதவீதம் மீத்தேன். வீட்டு சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக, கிட்டத்தட்ட 30 கன மீட்டர் பயோகேஸ் தேவை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் கூடவே வரும். இரும்புத் துருவல் வழியாக விட்டு அதைப் பிரிக்காவிட்டால் எஞ்சினை அரித்துவிடும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்த சாக்கடையின் சேற்றில் கன உலோகம் இருக்கலாம். கேஸ் எடுத்தாலும் உலோகம் போகாது, மிஞ்சும் சேற்றிலேயே தங்கும். பரிசோதிக்காமல் அதை உரமென்று வயலில் கொட்டக் கூடாது.

உங்கள் பக்கத்து ஆலையில் இப்படிக் கலந்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கேமராவோடு வந்துவிடுகிறேன்.