கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள்

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கல்யாண வீட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, ஐந்தாம் வகுப்பில் என் காதைத் திருகி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, செவ்வாய்க்கிழமை லீவை வீட்டுக்குக் கொடுக்காமல் இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்த முடிதிருத்தும் தோழர்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்றேன், துண்டு போர்த்திவிட்டீர்கள். நல்ல கனமான துண்டு. நன்றி.

மசாஜ் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: நன்மை, ஆபத்து, யார் யாருக்கு ஆகாது என்பது.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்றார்கள் பெரியவர்கள். வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டி விற்கிறவர். எண்ணெய் தேய்த்துப் பதமாக உருவிவிட்டால் இறுகிய தசை தளரும், மனம் அடங்கும், தூக்கம் வரும். இடுப்புவலி சில நாளைக்குக் குறையும், அடியோடு போய்விடாது. குறைமாதக் குழந்தைகளை முறையாக நீவிவிட்டால் எடை கூடுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. நன்மை இவ்வளவு.

இப்போது என் மச்சான் கதை. லாரி ஓட்டுகிறவர், நாற்பத்திரண்டு வயது. ஒரு ஞாயிறு, ஊர் பேர் வேண்டாம், ஒரு கடையில் ஷேவிங், ஹெட் மசாஜ். தம்பி நல்ல கைக்காரர். நெற்றியில் குளிர்ச்சித் தைலம், காதோரம் விரல், முதுகில் இரண்டு தட்டு. மச்சான் சொக்கிப்போனார். அப்புறம் தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. இடப்பக்கம் ஒரு நெட்டி, 'டக்'. வலப்பக்கம் ஒரு நெட்டி, 'டக்'. வீட்டுக்கு வந்து, "தலையே பஞ்சு மாதிரி இருக்கு மாப்ளே" என்றார். சாயங்காலம் இட்லிக்குச் சாம்பார் ஊற்றுகிறார், தட்டுக்கு வெளியே ஊற்றுகிறார்! "ஏன் ரெண்டு டம்ளர் வெச்சே?" என்று அக்காவிடம் சண்டை. இருந்தது ஒரே டம்ளர். வாந்தி எடுத்தார். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்தோம். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கழுத்துல நெட்டி எடுத்தாங்களா?"

கழுத்து எலும்புகளின் பக்கத்துளை வழியே இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பினால் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் உறையும் ரத்தம் மேலே போனால் பக்கவாதம். சில பேருக்கு நாள் கழித்துக்கூட வரும். எல்லோருக்கும் வராது, அபூர்வம்தான். ஆனால் எந்தக் கழுத்து என்று உங்கள் விரலுக்குத் தெரியாது. அந்த 'டக்' எலும்பு நேராகும் சத்தமும் இல்லை. மூட்டு நீருக்குள் காற்றுக்குமிழி உண்டாகிற சத்தம். 2022-இல் ஹைதராபாத்தில் ஒரு பெண்மணிக்குப் பார்லரில் தலை கழுவக் கழுத்தைப் பின்னால் சாய்த்ததிலேயே பக்கவாதம் வந்ததாகச் செய்தி வந்தது.

நாங்கள் வாணியனுக்கும் கொடுத்தோம், அப்புறம் வைத்தியனுக்கும் கொடுத்தோம். இதில் வேடிக்கை, அந்த நெட்டிக்குக் கடைக்காரத் தம்பி காசு வாங்கவில்லை. ஃப்ரீ!

அதனால்தான் ஊர் ஊராய்ப் போய்க் கேட்கிறேன். தலைக்குத் தேயுங்கள், தோளைப் பிடித்துவிடுங்கள், கழுத்தில் நெட்டி மட்டும் வேண்டாம். கஸ்டமரே கேட்டாலும் வேண்டாம்.

மூன்றாவது விஷயம்... செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி. ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்று வருகிறவரை உருவாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். உள்ளே உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விடலாம். மற்றது இன்னொரு நாள்.

'இங்கே கழுத்தில் நெட்டி எடுக்கப்படாது' என்று நாற்பது பலகை எழுதி வந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது, ஆணியும் இருக்கிறது. முதல் பலகையைத் தலைவர் பெற்றுக்கொள்ள வேண்டும். ஐயா, மேலே வாங்க.