பழைய சர்வர் வாங்குகிறீர்களா? முதலில் பி.எம்.சி.யைப் பாருங்கள்

ஏற்காட்டிலிருந்து வணக்கம். மேசையில் இருப்பது சேலத்து நண்பர் ஒருவருக்காக வாங்கிய பழைய ரேக் சர்வர். விலை கேட்பவர்கள் எல்லாரும் ராம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் இங்கே பார்ப்பேன். பின்பக்கம் தனியாக ஒரு நெட்வொர்க் போர்ட் தெரிகிறதா? அதன் பின்னால் இன்னொரு குட்டிக் கணினி இருக்கிறது. பெயர் பி.எம்.சி. டெல் அதை ஐடிராக் என்கிறது, எச்.பி. (இப்போது எச்.பி.இ.) ஐலோ என்கிறது.

சர்வர் அணைந்திருந்தாலும் மின்கம்பி செருகியிருந்தால் போதும், இது விழித்திருக்கும். ஐந்து ரோட்டுப் பக்கம் உள்ள அலுவலகத்தில் சர்வர் உறைந்துபோனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போக வேண்டாம்; இங்கிருந்தே அணைத்து ஏற்றலாம், இயங்குதளம் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையைக்கூடப் பார்க்கலாம்.

ஆனால் அந்தத் திரைக்கு லைசென்ஸ் வேண்டும். ஐடிராக்கில் என்டர்பிரைஸ் லைசென்ஸ் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். மிகப் பழைய மாடல் என்றால் கன்சோல், அதாவது அந்தத் தொலைத்திரை, ஜாவாவில் ஓடும். 2018இல் வந்த ஜாவா 11இல் அதைத் திறக்கும் வெப் ஸ்டார்ட்டையே நீக்கிவிட்டார்கள். உலாவியிலேயே திறக்கும் எச்.டி.எம்.எல்.5 கன்சோல் இல்லாத சர்வரை இலவசமாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

வட்டை முழுக்க அழித்தாலும் பி.எம்.சி.யின் அமைப்புகள் அழிவதில்லை. அவை தனி ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. பழைய உரிமையாளரின் கணக்கு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆகவே முதல் வேலை, ஃபேக்டரி ரீசெட். இரண்டாவது, கடவுச்சொல்லை மாற்றுவது. பழைய டெல்லில் ஆலையிலிருந்தே வரும் ரூட், கால்வின் என்ற பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடி உலகத்துக்கே தெரியும்!

அதோடு முடிந்துவிடவில்லை. பி.எம்.சி.யோடு பேசப் பயன்படும் ஐ.பி.எம்.ஐ. 2.0 என்ற 2004ஆம் ஆண்டு நெறிமுறையில், பயனர் பெயர் தெரிந்த எவர் கேட்டாலும், உள்நுழையும் முன்பே கடவுச்சொல்லின் ஹாஷை பி.எம்.சி. கொடுத்துவிடும்; அந்த ஹாஷை வைத்துக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். வடிவமைப்பே அப்படி, ஃபர்ம்வேரை, அதாவது பி.எம்.சி.யின் உள்மென்பொருளை, மாற்றினாலும் தீராது. அதற்குப் பதிலாக வந்த புதிய முறையான ரெட்ஃபிஷ் இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஐ.பி.எம்.ஐ.யை அணைத்துவிடுங்கள். பி.எம்.சி.யின் போர்ட்டை நேராக இணையத்தில் திறந்துவைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வி.பி.என். என்ற மறையாக்கப்பட்ட தனிவழியாக மட்டும் போங்கள். அந்த வி.பி.என். இதே சர்வரில் ஓடக்கூடாது. சர்வர் உறைந்தால் அதுவும் உறையும். ரவுட்டரில் வையுங்கள், ரவுட்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள்.

இப்போது ஃபர்ம்வேரை ஏற்றுகிறேன். சில நிமிடங்கள் பி.எம்.சி. பதில் சொல்லாது, மின்விசிறிகள் அலறும். பதறி மின்கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள்.