கட்டிலை நகர்த்திப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இருமல் விடவே இல்லை என்று குழந்தையைக் கூட்டி வரும் பெற்றோரிடம், மருந்து எழுதும் முன் நான் கேட்பது இதுதான்: பிள்ளை எந்தச் சுவரோரம் படுக்கிறது? கட்டிலை நகர்த்தி அந்தச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?

பூஞ்சை வித்துகள் எல்லார் வீட்டுக் காற்றிலும் உண்டு. அவற்றை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் ஈரம் இல்லாமல் அவை வளராது. நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது.

குழந்தைகளின் மூச்சுக்குழாய் குறுகலானது. எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றையும் சுவாசிக்கிறார்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் சுவாசத் தொற்றும் ஆஸ்துமா தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இரவு இருமல், காலை எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, வீசிங். வெளியூர் போனால் இவை குறைந்து, வீடு திரும்பியதும் மறுபடி வந்தால் வீட்டைச் சந்தேகிக்கலாம். கொரோனா காலத்தில் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை நோய் வேறு. சுவரில் கறுப்பாகப் படிந்திருப்பதைப் பார்த்து அந்த நோய் வந்துவிடுமோ என்று பதற வேண்டாம்.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? இதைக் கண்டுபிடிக்காமல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் பூக்கும். ஓர் எளிய சோதனை இருக்கிறது. சுவரின் ஈரமான இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, அலுமினியத் தாள் ஒன்றை வைத்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால், அறைக் காற்றின் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறப்பது, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவிடுவது, துணிகளை அறைக்குள் உலர்த்தாமல் இருப்பது, பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது என்று நாமே சரிசெய்யலாம். தாளுக்கு அடியில் ஈரம் இருந்தால் கசிவு சுவருக்குள் இருக்கிறது. பிளம்பரையோ கொத்தனாரையோ கூப்பிட்டாக வேண்டும். வாடகை வீடென்றால் படம் எடுத்து வீட்டு உரிமையாளரிடம் எழுத்திலேயே கொடுங்கள். வாய்ப்பேச்சு பல நேரம் காற்றோடு போய்விடும்.

சுத்தம் செய்யும்போது பிள்ளையை அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, இடத்தை நன்றாக உலர விடுங்கள். பிளீச் தெளித்தால் கறை வெளுக்கலாம். ஆனால் செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும், துடைத்து எடுக்கத்தான் வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த திரவத்தையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். பூஞ்சை ஏறிய மெத்தை, பஞ்சுப் பொம்மை, தலையணையைத் தூக்கிப் போட மனம் வராதுதான். ஆனாலும் போட்டுவிடுங்கள், உள்ளே ஊறியதைத் துடைத்து எடுக்க முடியாது.

அப்புறம், சுவர் சுத்தமாகிவிட்டதே என்று இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அதைக் குறைப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கினால், உதடு நீலமானால், சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.